நாலரை வயதில் வீல்சேர் பழக்கலாமா? எப்படிப் பழக்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு நாலரை வயது. ஸ்பைனா பைஃபிடாவோடு பிறந்தவள்; அதாவது கருவிலேயே முதுகெலும்பு சரியாக மூடிக்கொள்ளாமல் தண்டுவட நரம்புகள் பாதிக்கப்பட்ட நிலை. பிறந்த சில நாட்களில் முதுகில் ஆபரேஷன், பிறகு தலையில் ஷண்ட், அதாவது மூளையில் கோக்கும் நீரை வடிக்கும் குழாய். இடுப்புக்குக் கீழே பலமும் உணர்ச்சியும் குறைவு. காலைத் தாங்கும் சட்டமான கேலிப்பரை மாட்டி, வாக்கரைப் பிடித்து ஹாலிலிருந்து சமையலறை வரை போவாள். மற்ற நேரம் தரையில் தவழ்வாள். ஜூனில் பள்ளிக்கூடம். டாக்டர் வீல்சேர் பழக்கச் சொல்லிவிட்டார். மாமியாரோ, "இப்பவே வண்டியில உட்கார வெச்சா அப்புறம் நடக்கவே நடக்காது" என்கிறார். ஒரு முகாமில் கிடைத்த வீல்சேர் வீட்டில் இருக்கிறது. அதில் உட்கார வைத்தால் பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாளாம். என்ன செய்வது?

குழந்தைகளுக்கான மறுவாழ்வு சிகிச்சைதான் என் வேலை. இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வாராவாரம் வரும். பழக்கலாம், இப்போதே பழக்க வேண்டும். ஆனால் அந்த முகாம் வீல்சேரில் பழக்க முடியாது. இரண்டாவது விஷயம்தான் உங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் என்று நினைக்கிறேன்.

முதலில் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுவோம். அவர் பயம் அர்த்தமில்லாதது இல்லை. நடையை அடியோடு விட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார வைத்தால் நஷ்டம் உண்டு. தண்டுவடத்தில் உயரமான இடத்தில் பாதிப்பு உள்ள ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளில், சிறு வயதில் நடக்கப் பழக்கியவர்களையும் ஆரம்பத்திலேயே வீல்சேருக்குப் போனவர்களையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 1989-ல் வந்தது. நடந்து பழகியவர்களுக்கு எலும்பு முறிவும் அழுத்தப் புண்ணும் குறைவு. வீல்சேரில் வளர்ந்தவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்த நாட்கள் குறைவு. அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வதில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் நாங்கள் யாரும் கேலிப்பரைக் கழற்றிப் பரணில் போடச் சொல்வதில்லை. தினமும் நிற்கட்டும், வாக்கரோடு நடக்கட்டும். எலும்புக்கும் நல்லது, குடலுக்கும் நல்லது.

ஆனால் நடப்பது ஒரு வேலை, போய்ச் சேருவது வேறு வேலை. கேலிப்பரோடு நடக்கும் குழந்தை, மற்ற பிள்ளைகள் ஓடுவதற்குச் செலவழிப்பதை விட அதிகத் தெம்பை நாலு எட்டு வைப்பதற்கே செலவழிக்கிறது. வகுப்பிலிருந்து பாத்ரூமுக்குப் போய்த் திரும்புவதற்குள் வியர்த்துவிடும். அப்புறம் பாடத்தைக் கவனிக்க என்ன மிச்சம் இருக்கும்? இன்னொன்றையும் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இடுப்பிலும் முழங்காலிலும் பலம் குறைந்த குழந்தைகள் பத்துப் பன்னிரண்டு வயதில் உடம்பு வளர்ந்து எடை கூடும்போது நடையைத் தாமாகவே குறைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் வீல்சேர் கை வந்த கலையாக இருந்தால் வாழ்க்கை தடைபடாது. அதுவரை தள்ளிப்போட்ட பிள்ளைகளுக்கு வீல்சேர் ஒரு தோல்விச் சீட்டு மாதிரி வந்து சேருகிறது.

நாலரை வயதே கொஞ்சம் தாமதம் என்பது என் அபிப்பிராயம். சாதாரணக் குழந்தை ஒரு வயதில் வீட்டை அளக்கத் தொடங்கிவிடுகிறது. பீரோவைத் திறக்கிறது, அரிசியைக் கொட்டுகிறது, அம்மா கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. தானாக நகர்வதால்தான் தூரம், உயரம், ஒளிந்திருக்கும் பொருள் எல்லாம் மூளைக்குப் புரிகிறது என்பதை ஜோசப் கேம்போஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் குழந்தைகளை வைத்தே காட்டியிருக்கிறார். ஒரே வயதுக் குழந்தைகளில் தவழத் தொடங்கியவர்களுக்கு உயரத்தைப் பார்த்தால் வரும் பயம், தவழாதவர்களுக்கு வரவில்லை. தவழாதவர்களை உருளும் வாக்கரில் விட்டு நகரவைத்தபோது அவர்களுக்கும் அந்தப் பயம் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் சார்லீன் பட்லர் குழுவினர் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளுக்கு மோட்டார் வைத்த நாற்காலியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் தானாக ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் மகளுக்குக் கையில் பலம் இருக்கிறது, மோட்டார் தேவையில்லை. கையும் பலவீனமாக உள்ள குழந்தைகளின் பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

வண்டியே கிடைக்காவிட்டாலும் குழந்தை சும்மா இருக்காது. டாட்டியானா மெக்ஃபேடன் 1989-ல் லெனின்கிராடில் இதே ஸ்பைனா பைஃபிடாவோடு பிறந்தவர். அனாதை இல்லத்தில் முதல் ஆறு வருடம் வீல்சேர் கிடையாது. கைகளை ஊன்றி உடம்பை இழுத்து நடந்தார். பிறகு ஓர் அமெரிக்கப் பெண்மணி தத்தெடுத்தார். பின்னாளில் வீல்சேர் பந்தயத்தில் பாராலிம்பிக் தங்கங்களை அள்ளியவர் அவர்தான். உங்கள் மகள் பந்தயத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. நகர வேண்டும் என்ற ஆசை எல்லாக் குழந்தைக்கும் உண்டு, அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றால் குறை வேறு எங்கோ இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

குறை அந்த நாற்காலியில்தான். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்க்கும் மடக்கு வீல்சேர். பெரியவர்களுக்கு, அதுவும் இன்னொருவர் தள்ளுவதற்குச் செய்தது. உட்காரும் அகலம் 16 முதல் 18 அங்குலம் இருக்கும். எடை 18 கிலோவுக்குக் குறையாது. உங்கள் மகளின் எடை 15 கிலோ இருக்குமா? தன் எடையை விடக் கனமான ஒன்றை அவள் தள்ள வேண்டும். 60 கிலோ உள்ள உங்களை 70 கிலோ நாற்காலியில் உட்கார வைத்து, கைக்கு எட்டாத சக்கரத்தைக் கொடுத்து ஓட்டச் சொன்னால் நீங்களும் கையை மடியில்தான் வைத்துக்கொள்வீர்கள்.

குழந்தைக்குப் பொருந்தும் வீல்சேரை எப்படி அடையாளம் காண்பது? டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியான, சமமான பெஞ்சில் அவளை நேராக உட்கார வையுங்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நோட்டுப் புத்தகத்தைச் செங்குத்தாக ஒட்டி நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே அளந்தால் இடுப்பு அகலம். சீட்டின் அகலம் அதை விட ஓர் அங்குலம் கூடுதல் இருந்தால் போதும். "வளர்ற பிள்ளைதானே, பாவாடை மாதிரி கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்று நான்கு அங்குலம் விட்டால் அவள் ஒரு பக்கம் சரிந்து உட்காருவாள். முதுகு வளைவது அங்கேதான் கூடும். அடுத்து, முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள நீளம். சீட் அதை விட இரண்டு மூன்று விரற்கடை குட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை முன்னால் வழுக்கி வந்து வாலெலும்பில் உட்கார்ந்துவிடும். பாதம் கால்மிதியில் முழுதாகப் பதிய வேண்டும், தொங்கக் கூடாது.

சக்கரத்துக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. அவள் தோளைத் தளர்த்திக் கையைப் பக்கவாட்டில் தொங்க விட்டால் விரல் நுனி சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் வர வேண்டும். ரிம்மின், அதாவது சக்கரத்தை ஒட்டிக் கையால் தள்ளும் வளையத்தின், உச்சியில் கை வைத்தால் முழங்கை நன்றாக மடிந்திருக்க வேண்டும். கைச்சட்டம் உயரமாக இருந்தால் குழந்தை இரண்டு கையையும் கோழி இறக்கை மாதிரி விரித்துத்தான் சக்கரத்தைத் தொட முடியும். கழற்றக்கூடிய கைச்சட்டமாக இருந்தால் கழற்றிவிடுங்கள். அவள் நிமிர்ந்து உட்காருவாள் என்றால் முதுகுச் சாய்வும் தோள்பட்டை எலும்புக்குக் கீழேயே நின்றால் நல்லது, தோள் தாராளமாக அசையும்.

இன்னொன்று கடைக்காரர் சொல்ல மாட்டார். பின் சக்கரத்தின் அச்சைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் வண்டி லேசாகிவிடும், திரும்புவதும் எளிது. காரணம், எடை முன்னாலுள்ள சின்னச் சக்கரங்களில் விழாமல் பெரிய சக்கரங்களில் விழுகிறது. ஆனால் பின்பக்கம் குடை சாயும் வாய்ப்பும் கூடும். அதனால் பின்னால் சாயாமல் தாங்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களைச் சேர்த்தே மாட்ட வேண்டும். இதைத் தெரபிஸ்ட் முன்னிலையில் செய்யுங்கள்.

ஓட்டப் பழக்குவதற்கு முன் உட்காருவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளில் நான் பார்க்கும் பெரிய துன்பம் நடக்க முடியாதது இல்லை, புண்தான். உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லை. நமக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்தால் சுருக்கென்று இருக்கும், நெளிவோம். அவளுக்கு அந்தத் தகவலே போகாது. எலும்பு முட்டும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் உள்ளுக்குள் அழுகத் தொடங்கும். வெளியே தெரியும்போது ஓர் ஐம்பது காசு அளவு சிவப்பு, அவ்வளவுதான். அழுத்திப் பார்த்தால் அந்தச் சிவப்பு வெளுக்காது. அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் இரண்டு மூன்று நாள் அந்த இடத்தில் பாரம் போடாமல் இருந்தாலே ஆறிவிடும். விட்டுவிட்டால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும், பள்ளிக்கூடம் போச்சு.

ஆகவே குஷன் இல்லாமல் வீல்சேர் இல்லை. துணி சீட் மேல் வெறுமனே உட்கார வைக்காதீர்கள். மூல வியாதிக்கு வாங்கும் காற்று வளையம் வேண்டவே வேண்டாம்; நடுவில் ஓட்டை இருப்பதால் சுற்றி உள்ள தோலை அது நெரிக்கும். இலவம்பஞ்சுத் தலையணையும் ஒரு வாரத்தில் அமுங்கிவிடும். கையில் வசதி இல்லை என்றால் நல்ல அடர்த்தியான ஃபோமை இரண்டு அடுக்காக வெட்டி, கீழே கெட்டி, மேலே மெத்து என்று வைத்து, உட்காரும் எலும்பு வரும் பின்பகுதியில் குழி விட்டு, கழுவக்கூடிய உறை போடலாம். தெரபிஸ்ட் வரைந்து கொடுத்தால் ஊரில் சோபா தைப்பவரே செய்துவிடுவார். விரலை நீட்டிக் குஷனுக்கும் எலும்புக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். பலகை தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது, மாற்ற வேண்டும்.

அரை மணி நேரத்துக்கு ஒரு முறை பாரத்தை மாற்றப் பழக்குங்கள். நெஞ்சைத் தொடை மேல் சாய்த்துக் கீழே கிடக்கும் ஒன்றை எடுப்பது, ஒரு பக்கம் சாய்ந்து பத்து எண்ணுவது, பிறகு மறுபக்கம். பெரியவர்கள் கைகளை ஊன்றி எழும்புவார்கள். சின்னப் பிள்ளைக்குச் சாய்வதே போதும். டிவி பார்க்கும்போது விளம்பரம் வந்தால் சாய வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் போட்ட அப்பா ஒருவர் உண்டு. அது நன்றாக வேலை செய்தது. இரவு படுக்கும் முன் அடிப்பகுதி, குதிகால், கணுக்கால் எல்லாவற்றையும் பாருங்கள். ஏழெட்டு வயதானதும் கண்ணாடி கொடுத்து அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

நம் ஊர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெயிலில் நின்ற வீல்சேரின் இரும்புக் கால்மிதியில் வெறுங்காலை வைத்தால் அவளுக்குச் சுடுவது தெரியாது, ஆனால் கொப்புளம் வந்துவிடும். பைக்கில் உட்கார வைத்துப் போகும்போது சைலன்சர், கோயில் பிரகாரத்துக் கல், சூடான சாதப் பாத்திரத்தை மடியில் வைப்பது, எல்லாம் இதே கதைதான். எப்போதும் காலுறையும் ஷூவும். ஷூவை மாட்டும் முன் உள்ளே கையை விட்டுக் கல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இனி ஓட்டுவது.

முதலில் வண்டியை வீட்டுக்குள் நிறுத்தி அவள் தொடட்டும், சக்கரத்தைச் சுற்றட்டும், பொம்மையை உட்கார வைத்துத் தள்ளட்டும். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமா, ஒட்டட்டும். ஸ்போக்ஸில் விரல் மாட்டாமல் இருக்க மூடி கிடைக்கும். கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் ஷீட்டை வட்டமாக வெட்டிக் கட்டலாம். அதில் அவளுக்குப் பிடித்த படத்தை ஒட்டினால் வண்டி அவளுடையதாகிவிடும். ஏறும் முன், இறங்கும் முன் பிரேக். இதை அவள்தான் போட வேண்டும், நீங்கள் போடாதீர்கள். ஓடும் வண்டியை நிறுத்தப் பிரேக்கைப் பயன்படுத்தக் கூடாது, ரிம்மைப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

தள்ளும் முறை இதுதான். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால், 11 மணிக்குப் பிடித்து 2 மணிக்கு விடுவது. நீளமாக ஒரு தள்ளு, பிறகு கையைத் தொங்க விட்டு வண்டி உருளுவதை அனுபவிப்பது. ஆரம்பத்தில் எல்லாக் குழந்தைகளும் உச்சியில் பிடித்துச் சின்னச் சின்னதாக இடிப்பார்கள், டயரையே பிடிப்பார்கள். திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். கை அழுக்காகட்டும். உருள்வதன் ருசி தெரிந்தபிறகு நீளத் தள்ளு தானாக வரும். திரும்புவதற்கு ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ள வேண்டும். இரண்டையும் எதிரெதிராகத் தள்ளினால் நின்ற இடத்திலேயே ராட்டினம். அதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் வேறு எதுவும் நடக்காது.

பயிற்சி என்ற பெயரில் "தள்ளு, தள்ளு" என்று முன்னால் நின்று கத்துவது பலன் தராது. அவளுக்கு வேண்டிய ஒன்று தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்களிடம் வந்த ஒரு சிறுமி ஹாலின் நடுவில் வண்டியில் உட்கார்ந்து அசையவே மாட்டாள். அம்மா பக்கத்திலேயே நிற்பார், பிள்ளை ஜன்னலைப் பார்த்தால் வண்டி ஜன்னலுக்குப் போகும், தண்ணீர் என்று சொல்லும் முன் பாட்டில் வரும். அம்மாவை டீ குடிக்க வெளியே அனுப்பிவிட்டு, மூலையில் இருந்த மீன் தொட்டிக்குத் தீனி போடும் டப்பாவை அவள் மடியில் வைத்துவிட்டு நான் பைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு வலது கை மட்டும் அசைந்தது. வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி மேஜைக் காலில் முட்டியது. முகத்தில் எரிச்சல். இடது கையால் பின்னுக்கு இழுத்தாள். மேஜை விட்டது. மீன் தொட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு இடத்தில் முட்டினாள். டப்பாவில் இருந்த தீனி அத்தனையும் தொட்டிக்குள் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

ஆகவே உங்களுக்கு நான் தரும் பயிற்சி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது. பின்னாலிருக்கும் தள்ளும் கைப்பிடியைக் கழற்ற முடிந்தால் வீட்டுக்குள் கழற்றிவிடுங்கள். பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் பாசத்தில் வந்து தள்ளுவார்கள். அவளைக் கேட்காமல் வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அவள் கேட்டால் தள்ளலாம், களைத்தால் தள்ளலாம். கேட்காமல் தள்ளுவது நம்மைப் பின்னாலிருந்து யாரோ தூக்கிக்கொண்டு போவதற்குச் சமம்.

விளையாட்டுகளைப் பொறுத்தவரை உங்களுக்கே ஆயிரம் தோன்றும். தரையில் சாக்பீஸால் பெரிய எட்டு வரைந்து அதன்மேல் ஓட்டுவது, தண்ணீர் பாட்டில்களை நிறுத்திப் பந்தை உருட்டிச் சாய்ப்பது, கண்ணாமூச்சி, மடியில் தட்டை வைத்து அப்பாவுக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுப்பது. பலூன் மட்டும் வேண்டாம். ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளுக்கு ரப்பர் பாலான லேட்டக்ஸ் ஒவ்வாமை வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். பலூன், ரப்பர் கையுறை, சில வகை ரப்பர் பட்டைகள் எல்லாம் அதில் சேர்த்தி.

தலையில் நீர் கோத்து ஷண்ட் வைத்த குழந்தைகளில் பலருக்குத் தூரத்தையும் இடைவெளியையும் கணிப்பது சிரமம். நன்றாகப் பேசுவாள், பாட்டுப் பாடுவாள், ஆனால் கதவு நிலையில் திரும்பத் திரும்ப இடிப்பாள். கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். வாசல் நடுவில் தரையோடு கலர் டேப்பை நேராக ஒட்டி, "இந்தக் கோடு உன் இரண்டு காலுக்கு நடுவில் வரட்டும்" என்று சொன்னால் பிடித்துக்கொள்வாள். ஒரே பாதையைப் பல நாள் பழக்கிய பிறகு அடுத்த பாதைக்குப் போங்கள்.

சமதரை பழகிய பிறகுதான் மேடு பள்ளம். நம் வீடுகளில் முதல் எதிரி நிலைப்படி. சின்னச் சக்கரம் அதில் போய் முட்டி நிற்கும். முன்பக்கச் சக்கரத்தை ஒரு நொடி லேசாகத் தூக்கிப் படியைத் தாண்டுவதுதான் இதற்கு வழி. கைகளைச் சற்றுப் பின்னால் பிடித்து ஒரு வெட்டுத் தள்ளு தள்ளினால் முன்பக்கம் எழும்பும். பார்க்க சாகசம் போலத் தெரிந்தாலும் வீல்சேர் ஓட்டுபவருக்கு இது அத்தியாவசியம். கனடாவில் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய வீல்சேர் திறன் பயிற்சித் திட்டத்தில் இது முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இதை வீட்டில் தனியாக முயல வேண்டாம். தெரபிஸ்ட் வண்டிக்குப் பின்னால் ஒரு பட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கீழே மெத்தை போட்டுச் சொல்லிக்கொடுப்பார். பொதுவாக ஐந்தாறு வயதுக்கு மேல்.

விழுவாள். அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்: பின்னால் சாய்கிறது என்று தெரிந்ததும் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், ஒரு கையை முழங்காலுக்கு முன்னால் குறுக்கே வை. முதலாவது பின்மண்டையைக் காக்கும், இரண்டாவது தன் முழங்காலே முகத்தில் வந்து இடிக்காமல் காக்கும். மெத்தை மேல் வைத்து இதை விளையாட்டாகச் செய்யலாம். ஆனால் ஷண்ட் உள்ள பிள்ளை. தலையில் அடி பட்டு வாந்தி, தலைவலி, தூங்கி வழிவது என்று எது வந்தாலும் வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அதேபோல, நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவள் சில வாரங்களில் சோர்ந்துபோனால், காலில் இருந்த பலம் குறைந்தால், சிறுநீர் கசிவு திடீரென்று கூடினால், சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். வளரும்போது தண்டுவடம் கீழே ஒட்டி இழுபடுவதாக இருக்கலாம், நரம்பியல் அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.

வாசல் படிக்குச் சாய்தளம் கட்டுவீர்கள். மேஸ்திரி இருக்கிற இடத்துக்குள் செங்குத்தாகக் கட்டிக்கொடுத்துவிட்டு, "பின்னால் ஒரு ஆள் பிடிச்சுக்கிட்டா போதும்" என்பார். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி நீளம், மூன்று படி ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடி. இடம் இல்லாவிட்டால் மடக்கித் திருப்பிக் கட்டலாம், நடுவில் சமதளம் விட வேண்டும். வழவழப்பான டைல்ஸ் போடாதீர்கள், மழையில் வழுக்கும்.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை, சேர்க்கைக்கு முன்பே போய்ப் பாருங்கள். வகுப்பு தரைத்தளத்தில் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மேஜைக்கு அடியில் வண்டி நுழைகிறதா, கழிப்பறைக் கதவு வண்டியை விட அகலமா, உள்ளே திருப்ப இடம் இருக்கிறதா என்பதை அளந்து பாருங்கள். குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டியிருந்தால் அதற்கு மறைவான இடம் யார் தருவார்கள் என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். பல பிள்ளைகள் படிப்பை விடுவது படியால் இல்லை, கழிப்பறையால்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 படி, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி உரிமை. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் கட்டடத்தையும் வளாகத்தையும் அணுகும்படி வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சண்டை போடச் சொல்லவில்லை, தெரிந்துவைத்துக்கொண்டு பேசினால் குரல் மாறும்.

புதிய வண்டி எங்கே கிடைக்கும்? யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லை என்றால் முதலில் அது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் வழங்கும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் உபகரணம் பெற்றவர் மறுபடி கேட்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டும், ஆனால் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வருடம்தான். முகாமில் ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டோமே என்று ஒதுங்கிவிடாதீர்கள். பள்ளியில் சேர்ந்தபின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரையும் பாருங்கள். அங்கே நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமில் பெயர் வரும்படி செய்வார். எங்கே போனாலும் "குழந்தைக்கு வீல்சேர்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். மேலே சொன்ன அளவுகளை ஒரு தாளில் எழுதி, தெரபிஸ்ட் கையெழுத்து வாங்கி மனுவோடு இணையுங்கள். அளவு எழுதாத மனுவுக்குக் கிடங்கில் இருப்பதுதான் வரும். பெரிய மையத்தில் ஒரு முறை காட்ட முடியும் என்றால் வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வுப் பிரிவு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனமான நிப்மெட், தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் ஆகியவை இருக்கின்றன. வேலூர்ப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, வீல்சேரில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். ஆய்க்குடியின் நிறுவனர் எஸ்.ராமகிருஷ்ணனும் கடற்படைத் தேர்வின் உடற்தகுதிச் சோதனையில் கீழே விழுந்து அடிபட்டு கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்தான். மாமியாருக்கு இந்த இரண்டு பேரைப் பற்றியும் சொல்லிப் பாருங்கள், என் விளக்கத்தை விட அது எடுபடும்.

புது வண்டி வரும் வரை பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். ஆஸ்பத்திரிக்கோ திருவிழாவுக்கோ நீங்கள் தள்ளிக்கொண்டு போக அது உதவும்; இரண்டு பக்கமும் கெட்டி ஃபோம் அடைத்து, காலுக்கு அடியில் பலகை வைத்து, குஷன் போட்டு உட்கார வையுங்கள். வீட்டுக்குள் இடைக்காலத்துக்கு, தாழ்வான மரப்பலகையில் நான்கு சக்கரம் மாட்டி, முதுகுச் சாய்வும் குஷனும் இடுப்புப் பட்டையும் வைத்துக் கொடுத்தால் தரையைக் கையால் தள்ளி ஓட்டுவாள். தவழும்போது முழங்காலில் வரும் சிராய்ப்பும் நிற்கும்.

எத்தனை நாளில் பழகுவாள் என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். பொருந்தும் வண்டி கிடைத்தால் வீட்டுக்குள் முன்னே பின்னே போவதும் திரும்புவதும் சில வாரங்களில் வந்துவிடும். நிலைப்படி, சாய்தளம், கூட்டம் இதெல்லாம் வருடக் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சீட் அகலத்தையும் கால்மிதி உயரத்தையும் மறுபடி அளந்து பாருங்கள். வண்டி கனக்கிறது என்று அவள் சொன்னால் முன் சக்கரத்தின் அச்சில் முடி சுற்றியிருக்கிறதா, பின் டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும். பஞ்சர், ஸ்போக்ஸ், பேரிங் எல்லாம் சைக்கிள் கடைக்காரரே பார்ப்பார். வண்டியோடு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கே சத்தம் வருகிறது என்று அவளே சொல்வாள்.